நான் இரவல் கொடுத்த ஜெபக் கொப்பி

எங்களுடைய கஷ்டம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று நாற்பதுக்குத் தொடங்கியது. சூறாவளி எங்கள் கூரைகளைத் தூக்கிக்கொண்டு போனதற்கு அடுத்த வருஷம், ஆகஸ்ட் பள்ளி விடுமுறை. நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாலு மணிக்கு ரியூசன் பிள்ளைகள் வருவார்கள், அதற்குள் வந்தவரை அனுப்பிவிட வேண்டுமே என்று சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே கையிலிருந்த கொப்பியை அந்த மனிதரிடம் நீட்டினேன்.

அவ்வளவுதான் நடந்தது. ஒருவரும் கத்தவில்லை. ஒன்றும் உடையவில்லை. தடித்த அட்டை போட்ட எழுதுபுத்தகம், ஒரு சீ.ஆர். கொப்பி, என் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனது. அதனால் என் ஒரே மகளை இழக்கப் பார்த்தேன்.

சகோதர சகோதரிகளே, சாட்சி சொல்லுகிறவர்கள் கண்ணீரோடு தொடங்குவதை நான் பார்த்திருக்கிறேன். நான் கோபத்தோடுதான் தொடங்குகிறேன். நடந்து ஆறு வருஷமாகியும் அது போகவில்லை. கோபத்தை விட்டுவிட்டேன் என்று எழுதினால் அது பொய். பொய்யைப் பற்றி எழுதும்போது நானே ஒரு பொய்யோடு தொடங்க விரும்பவில்லை.

நான் கல்முனையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். பாண்டிருப்புப் பக்கமாகக் குடியிருக்கிறோம். என் கணவருக்கு நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை. கலியாணமாகி ஏழு வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து பிறகு பிறந்தவள் மேர்சி. அந்த வருஷம் அவளுக்குப் பத்தொன்பது வயது. தாதியர் பயிற்சிக்கு எடுபட்டு, கடிதமும் வந்து, போகும் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்போது எங்கள் சபையின் மாதர் ஜெபக்கூட்டத்துக்கு நான்தான் காரியதரிசி. கிழமைக்கு ஒரு வீட்டில் கூடுவோம். ஆளாளுக்குத் தங்கள் ஜெபக் குறிப்பைச் சொல்லுவார்கள், நான் கொப்பியில் எழுதுவேன். சிலர் கூட்டத்தில் சொல்லக் கூசிப் பிறகு வந்து என்னிடம் தனியாகச் சொல்லுவார்கள். அதையும் எழுதுவேன். இடது பக்கத்தில் தேவை, வலது பக்கத்தில் பதில் கிடைத்த நாள், சிவப்பு மையில். வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது என்பதற்காகப் பெயர் எழுதுவதில்லை. வீடு ஒன்று, வீடு இரண்டு என்று இலக்கம் மட்டும்தான். குடிக்கிற புருஷன், அடங்காத மகன், கலையும் கரு, எல்லாம் அதற்குள் இருந்தன. காரியதரிசியின் வீட்டைவிட்டு அந்தக் கொப்பி வெளியே போகக்கூடாது என்று ஒரு விதியும் இருந்தது.

அந்த விதியை நான் மீறினேன்.

அந்த மனிதரின் பெயரை எழுதமாட்டேன். சூறாவளிக்குப் பிறகு எங்கள் கரைக்கு எத்தனையோ பேர் வந்தார்கள். சிலர் அரிசியும் சீலையும் கொண்டு வந்தார்கள். இவர் ஒரு மேளத்தோடும், இரண்டு இளம் பெண்களோடும், ‘மூத்த சகோதரி’ என்று அழைக்கப்பட்ட ஒரு பெண்ணோடும் வந்தார். எப்போதும் வெள்ளைச் சட்டை. எங்கள் சபைக் கோவிலுக்கு அப்போது பாதிக் கூரைதான் இருந்தது. சனங்களின் நெஞ்சும் அப்படித்தான் திறந்து கிடந்தது. ஒரு காற்று அடித்தாலே பிள்ளைகள் கட்டிலுக்குக் கீழே ஓடிய காலம் அது. யாராவது நிச்சயமாக ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்று இருந்தோம். இவர் எதையும் நிச்சயமாகத்தான் சொன்னார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் விறாந்தையில் இருந்துகொண்டு அவர் கேட்டார்: “சிஸ்டர், நான் மூன்று நாள் உபவாசம் இருக்கப்போறன். இந்த ஊர்ச் சனங்கட பாரத்தை எனக்குத் தாங்க. கையை வைத்து ஜெபிக்க ஏதாவது இருக்கா?”

நான் படித்தவள். ஆயினும் அந்தக் கேள்வி எவ்வளவு தந்திரமான கேள்வி என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பெயர் இல்லாத கொப்பிதானே என்று கொடுத்தேன். வெள்ளிக்கிழமை கொப்பி பத்திரமாகத் திரும்பி வந்தது. விதியை மீறியதால் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரக் கூட்டத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு பேசத் தொடங்கினார். ஒரு பெண்ணைச் சுட்டி, அவளுடைய மூன்று கருக்கள் கலைந்ததைச் சொன்னார். இன்னொருத்தியின் மகன் தகப்பனுக்குக் கையோங்கியதைச் சொன்னார். எங்கள் ஜெபக்கூட்டத்துச் செல்லம்மா அக்காவைப் பார்த்து, “தாயே, உங்கட இடது கண்ணில் புகை மூடியிருக்கிறதை ஆண்டவர் காண்கிறார்” என்றார். பெண்கள் அலறினார்கள். பாயில் விழுந்து அழுதார்கள்.

எனக்குக் கொப்பி ஞாபகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. இதெல்லாம் கொப்பியில் இருப்பதுதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் எது யாருடைய வீடு என்று கொப்பியில் இல்லையே, ஆளைச் சரியாகக் காட்டுவது ஆண்டவர்தானே என்று எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நம்ப ஆசைப்பட்டேன், அதற்கான காரணத்தை நானே தேடிக் கொடுத்தேன்.

கடைசியாக அவர் நானும் மேர்சியும் இருந்த பக்கம் திரும்பினார். “இந்தப் பிள்ளை பிறந்த அன்று இந்தத் தாய் ஒரு பொருத்தனை செய்தவ. பிள்ளையை உமக்கே தருவேன் என்று சொன்னவ. பத்தொன்பது வருஷம் ஆண்டவரை ஏமாற்றியிருக்கிறா.”

அது என் கணவருக்கே தெரியாத விஷயம். வீடு ஒன்று என்ற முதலாம் பக்கத்தில், பயத்தில், எனக்காக நானே எழுதியது. மேர்சி எழுந்து முன்னால் போனாள். “இவள் ஆஸ்பத்திரிக்கு உரியவள் அல்ல, ஊழியத்துக்கு உரியவள்” என்றார் அவர். அவள் தன் கைப்பையிலிருந்து தாதியர் பயிற்சிக் கடிதத்தை எடுத்து எல்லாருக்கும் முன்னால் நான்காகக் கிழித்தாள். சனம் கைதட்டியது. நானும் தட்டினேன். இந்தக் கைகளைக் கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

“ரீச்சர்,” என்றார். கோபம் வந்தால் அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். “கடவுளுக்கு ஏன் இவ்வளவு அவசரம்? நேர்ஸ் படிச்சு முடிய மூண்டு வருஷம். அதுக்குள்ள அவர் எங்க போகப்போறார்?”

“உங்களுக்கு விசுவாசம் இல்ல.”

“எனக்கு விசுவாசம் இரிக்கி. அந்த வெள்ளைச் சட்டையிலதான் இல்ல.”

அவிசுவாசி என்று நான் அவரைப் பார்த்துக் கத்தினேன். மேர்சியும் என்னோடு சேர்ந்துகொண்டாள். தாயும் மகளுமாக ஒரு நல்ல மனிதரைச் சுவரோரம் தள்ளினோம்.

அடுத்த நாள் அவர்கள் மலைநாட்டுக்குப் போவதாகச் சொன்னார்கள். தோட்டத்துச் சனங்களுக்கு ஊழியமாம். நாற்பது நாள் கடிதம் எழுதக்கூடாது, ‘இரத்த உறவின் சத்தத்துக்குக் காது மூடப்பட வேண்டும்’ என்றார் மூத்த சகோதரி. அதைக் கேட்டும் நான் பை கட்டினேன்.

“அம்மா, அந்த நீலச் சட்டை வேணாம். வெள்ளை மட்டுந்தான்.”

“ஒரு போத்தல் மாசிச் சம்பல் வைக்கட்டா புள்ள?”

“உபவாசத்துக்குப் போறன் அம்மா, சுற்றுலாவுக்கில்ல!” என்று சிரித்தாள்.

சம்பல் போத்தலை அலுமாரியில் திருப்பி வைத்தேன். பிறகு இரண்டு கிழமையாக அந்தப் போத்தலைத் தாண்டித்தான் சீனி எடுத்தேன்.

செப்டெம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கியது. ஒரு புதன்கிழமை பின்னேரம் செல்லம்மா அக்கா வந்தா. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு இருந்தா.

“புள்ள, ஒரு கதை சொல்லணும். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத.”

“சொல்லுங்க அக்கா.”

“அவர் எண்ணெய் ஜெபிச்சுத் தந்தவர் எலுவா? இடது கண்ணுக்குப் பூசச் சொன்னவர். பூசுறன். ஆனா புள்ள, எனக்குப் புகை வலது கண்ணிலதான்.”

நான் அவவைப் பார்த்தேன்.

“ஊழியக்காரன்ட வாய் பிழைக்குமா? வலது எண்டு சொன்னா அவருக்கு மரியாத இல்ல. அதனால ஒண்டும் சொல்லாம இடதுக்கே பூசுறன். இப்ப அதும் எரியுது. நல்லாயிருந்த கண்ணும் போயித்துதெண்டா மறுகா நான் எப்பிடிப் புள்ள மீன் வெட்டுற?”

எனக்குச் சிரிப்பு வந்தது. மறு நிமிஷம் அது நின்றுவிட்டது. எழுந்து போய்க் கொப்பியை எடுத்தேன். வீடு ஏழு. என் கையெழுத்து. ‘இடது கண்ணில் புகை.’

பிழை என்னுடையது. அன்றைக்கு அவ எனக்கு நேரெதிரே பாயில் இருந்து கண்ணைக் காட்டினா. எனக்கு இடது பக்கம் தெரிந்த கண்ணை இடது கண் என்று எழுதிவிட்டேன். அவவின் வலது கண் அது.

இருபது வருஷமாக விடைத்தாள் திருத்துகிறவள் நான். இரண்டு பிள்ளைகள் ஒரே சரியான விடையை எழுதினால் அதில் ஒன்றுமில்லை, இரண்டு பேரும் படித்திருக்கலாம். இரண்டு பேரும் ஒரே பிழையை எழுதினால் ஒருத்தி மற்றவளைப் பார்த்து எழுதியிருக்கிறாள். இதைக் கொண்டு எத்தனை பிள்ளைகளை எழுப்பி நிறுத்தியிருக்கிறேன்! பரலோகத்தின் தேவன் செல்லம்மா அக்காவின் கண்ணைப் படைத்தவர். எந்தக் கண்ணில் புகை என்று அவருக்குத் தெரியும். அவர் என் கொப்பியைப் பார்த்து எழுதமாட்டார்.

அப்போதுதான் கொப்பியின் உறையைக் கவனித்தேன். பிரவுண் தாளில் நான்தான் உறை போடுவேன், மூலைகளை உள்ளே மடித்து. இப்போது மூலைகள் வெளியே மடிந்திருந்தன. கழற்றினேன். உறையின் உட்புறத்தில், கூட்டம் எந்த வீட்டில் எப்போது என்று அறிய வருஷத் தொடக்கத்தில் நானே எழுதிய அட்டவணை இருந்தது. ஒன்று முதல் பதினாறு வரை வீட்டு இலக்கமும் பெயரும். எழுதியதை மறந்தே போயிருந்தேன்.

செல்லம்மா அக்காவை எண்ணெயைக் கொட்டிவிட்டுக் கண்ணைக் கழுவச் சொல்லி அனுப்பினேன். குசினிக்குள் போய் ஜெபித்தேன். ஜெபம் என்று சொல்லுகிறேன், கேட்டவர்களுக்கு அது சண்டையாகத்தான் கேட்டிருக்கும். “உம்முடைய பெயரைச் சொல்லி என் பிள்ளையைக் கொண்டுபோயிருக்கிறான். உம்முடைய பெயர்! அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தீரே! அவளை எனக்குத் திருப்பித் தாரும். எனக்குத் தராவிட்டாலும் பரவாயில்லை, அவன் கையிலிருந்து எடும்.” உலைமூடியைத் தூக்கி எறிந்தேன். அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி ஜெபித்ததில்லை.

கணவர் வேலையால் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பவே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். லீவு போட்டுக்கொண்டு பதுளைக்குப் போனார். மூன்று நாள் தோட்டம் தோட்டமாகக் கேட்டுவிட்டுச் சனிக்கிழமை வெறுங்கையோடு வந்தார். அப்படி ஒரு கூட்டத்தை மலையில் ஒருவரும் காணவில்லை.

“பொலிசுக்குப் போவமா?” என்றேன்.

“போய் என்ன சொல்ற? பத்தொன்பது வயசுப் புள்ள. தாயே பை கட்டி அனுப்பினவ.” பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்: “நாளைக்குக் கோவில்ல எல்லாருக்கும் சொல்லு. ஒருத்தருக்கும் தெரியாட்டி ஆர் தேடுற?”

“என்னால ஏலா.”

“குசினிக்குள்ள மட்டும் கேட்டா, குசினிக்குள்ள இருக்கிற ஆக்கள்தான் உதவிக்கு வருவாங்க.”

இரவெல்லாம் இதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். மகள் எனக்கு வேண்டும். ஆனால் என் பெயரும் எனக்கு வேண்டும். காரியதரிசி, ரீச்சர், விஷயங்களைப் பூட்டி வைப்பவள் என்று ஒரு பெயர் இருந்ததல்லவா? ஆண்டவர் பதில் தருவதற்கு முன் அந்தப் பெயரைக் கேட்டார் என்று இன்று விளங்குகிறது. அன்று விளங்கவில்லை. வெட்கம்தான் விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று சொன்னேன். கொப்பியைக் கொடுத்தேன், உறைக்குள் பெயர்கள் இருந்தன, அவர் வாசித்ததைத்தான் உங்களுக்குச் சொன்னார் என்றேன்.

முதலில் மூன்று கரு கலைந்தவள் எழுந்தாள். “என்ட மாமிக்குக்கூடத் தெரியாது! நான் ஒங்கட காதுக்குள்ள சொன்னத ஊருக்குக் குடுத்திட்டீங்களே ரீச்சர்!”

“ஓம், குடுத்திட்டன்,” என்றேன்.

முன்வரிசையில் ஒருத்தி என் மீதே பாய்ந்தாள். “ஊழியக்காரர்ல குற்றம் பிடிக்காதீங்க! அவர் வாசிச்சா என்ன? ஆவியானவர் கொப்பியையும் பயன்படுத்துவார்!”

அப்போதுதான் செல்லம்மா அக்கா பின்னாலிருந்து எழுந்தா. “ஆவியானவருக்கு என்ட வலது கண்ணும் இடது கண்ணும் தெரியாதா கா? எனக்கு வலது கண்! ரீச்சர் பிழையா எழுதிப்போட்டா, அவரும் பிழையாச் சொல்லிப்போட்டார். நான் ஒரு போத்தல் எண்ணெய நல்ல கண்ணுக்கு ஊத்தினதுதான் மிச்சம்!”

ஓரிருவர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவருடைய வெள்ளைச் சட்டை கிழிந்து விழுந்தது. ஆனால் சிலர் அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. ஒருவர் இன்றுவரை கதைப்பதில்லை. அவரைக் குறை சொல்லமாட்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், இடைவேளை மணி அடித்ததும், ஆசிரியர் அறையில் என் பக்கத்தில் வந்து இருந்தா ஸித்தி ரீச்சர். எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கும் முஸ்லிம் ஆசிரியை. பத்து வருஷப் பழக்கம்.

“ரீச்சர், கோவிக்காதீங்க. ஒங்கட கோவில் கதை சந்தைப் பக்கம் வரைக்கும் வந்துத்து.”

வரட்டும் என்றேன். இனிப் போக என்ன இருக்கிறது?

“அதில்ல. அந்த ஆள் மேளம் ஒண்டு கொண்டு திரிஞ்சவரா? நாலு பொம்புளையள் கூட?”

நிமிர்ந்து பார்த்தேன்.

“எங்கட காக்காட வேன்லதான் போனாங்க. மலைக்கில்ல ரீச்சர். பொத்துவிலுக்கு.”

அன்று பின்னேரமே அவவின் மூத்த சகோதரர் மீராலெவ்வைக் காக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். வாடகைக்கு வேன் ஓட்டுகிறவர். நாற்காலி நுனியில் இருந்துகொண்டு சொன்னார்: “ஒங்கட மகள் எண்டு தெரிஞ்சிருந்தா நான் அண்டைக்கே திருப்பியிருப்பன். திருக்கோவில் ஊர் தாண்டினதும் அந்தப் புள்ள மயங்கிற மாதிரி சாஞ்சிச்சு. வேன நிப்பாட்டித் தண்ணி எடுத்துக் குடுத்தன். அந்த ஆள் குடிக்க உடல்ல. உபவாசமாம். நாங்களும் நோன்பு பிடிக்கிற ஆக்கள்தான், பயணக்காரனுக்கு அதுல சலுகை இரிக்கி எண்டு சொன்னன். என்னப் பாத்து, ‘நீ வண்டிய ஓட்டு’ எண்டான். அதுலதான் எனக்கு அந்த மூஞ்சி ஞாபகம்.”

“அவன எங்களுக்குத் தெரியாமப் போச்சே காக்கா,” என்றேன்.

“எங்கட ஆக்கள்லயும் இப்பிடி ஓதித் திரியிறவன் இரிக்கான் ரீச்சர். வேசம்தான் வேற. விடிய சுபஹு தொழுதுத்து வாறன். ஒங்கட வீட்டுச் சேரையும் வரச் சொல்லுங்க. இறக்கின வீடு எனக்குத் தெரியும்.”

பாருங்கள். குசினிக்குள் என் வெட்கத்தைப் பூட்டி வைத்திருந்தால் இந்தக் கதை சந்தைக்குப் போயிருக்காது. சந்தைக்குப் போயிருக்காவிட்டால் ஸித்தி ரீச்சரின் காதில் விழுந்திருக்காது. நான் ஆண்டவரிடம் கேட்ட உதவி, நான் மூட நினைத்த வாசல் வழியாக வந்தது. இந்த நாட்களில் தமிழர், முஸ்லிம்கள் என்ற எங்கள் இரண்டு சமூகத்தாருக்கும் இடையில் நடக்கும் மோதலை எல்லோரும் அறிவீர்கள். அதனால்தான் இதையும் விடாமல் எழுதி வைக்கிறேன். என் பிள்ளையை ஆண்டவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவன் கொண்டுபோனான். அவளைக் கூட்டி வரத் தொழுகை முடித்துக்கொண்டு ஒருவர் புறப்பட்டார்.

பொத்துவிலில் நடந்ததை மேர்சி பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஊழியம் என்று ஒன்றும் நடக்கவில்லை. கடற்கரைப் பக்கம் ஒரு வீடு. அவளுடைய கையெழுத்து அழகாயிருந்ததால் அவளுக்கு எழுத்து வேலை கொடுத்தார்கள். அவர் ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஜெபக் குறிப்புகளை வாங்கித் தன் கொப்பியில் அவசரமாகப் பிரதி பண்ணி வைத்திருந்தார். அதையெல்லாம் ஊர் ஊராக, வீடு வீடாகத் திருத்தமாக எழுதுவதுதான் வேலை. ‘ஜெபிப்பதற்கு வசதியாக’ என்றார்களாம். எழுதிக்கொண்டே போனவளுக்கு ஒரு பக்கத்தில் கை நின்றது. கையெழுத்து அவருடையதானாலும், தாய் வசனம் எழுதும் விதம் பிள்ளைக்குத் தெரியாதா? அது எங்கள் ஊர். முதலாம் வீடு. அவளைப் பற்றிய என் பொருத்தனை.

இனி எழுதமாட்டேன் என்றாளாம். பின்னறையில் தனியாக விட்டு, பிசாசு பிடித்திருக்கிறது என்று சாப்பாட்டை நிறுத்தினார்கள். நாற்பதாம் நாள் ஒரு வெளிப்பாடு வரும் என்று மற்றப் பெண்கள் காதுக்குள் கதைத்தார்கள். அந்த மனிதருக்கு மனைவியாக யாரை ஆண்டவர் தெரிந்தெடுத்தார் என்ற வெளிப்பாடு. அவருக்கு என் வயது. இதை எழுதும்போதும் என் பேனை தாளைக் கிழிக்கிறது.

வேன் போய் நின்றபோது அவர் வாசலில் கையை உயர்த்திக்கொண்டு, “சாத்தானே, அப்பாலே போ!” என்றாராம். காக்கா வேனால் இறங்கி, “போறன். வந்த சாமான ஏத்தித்துப் போறன்” என்றாராம். என் கணவர் அந்த மனிதரைத் தாண்டி வீட்டுக்குள் பார்த்தார். “மேர்சி” என்று ஒரு தரம் கூப்பிட்டார். அவள் வந்துவிட்டாள். மற்ற இரண்டு பெண்களையும் வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்கள் வரவில்லை. அவர்களுடைய தாய்மாரை எனக்குத் தெரியாது. தெரிந்த இடத்திலெல்லாம் சொன்னோம். அடுத்த கிழமை போய்ப் பார்த்தபோது அந்த வீடு காலியாக இருந்தது.

ஆகவே அவர் இன்னும் எங்கோ ஒரு ஊரில், ஏதோ ஒரு விறாந்தையில் இருக்கிறார். “கையை வைத்து ஜெபிக்க ஏதாவது இருக்கா?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். என் கோபத்தின் காரணம் அதுதான். இதை எழுதுவதும் அதற்காகத்தான்.

அந்தக் கொப்பியை மாதர் எல்லாரும் கூடி நிற்க என் வளவில் எரித்தேன். காரியதரிசி வேலையை விட்டேன். கூட்டம் இன்றும் நடக்கிறது, நானும் போகிறேன். கதவடியில் இருந்து மற்றவர்களுக்காக ஜெபிக்கிறேன். கிழித்த கடிதத்தால் மேர்சிக்கு அந்த முறை வாய்ப்புப் போனது. ஒரு வருஷம் காத்திருந்து திரும்ப விண்ணப்பித்தாள். இன்று அவள் ஒரு ஆஸ்பத்திரியில் தாதி. செல்லம்மா அக்காவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் வலது கண்ணின் புகையை வெட்டுவித்ததும் அவள்தான். ஆண்டவருக்குத் தருவேன் என்ற என் பொருத்தனை எங்கே நிறைவேறியது என்று இப்போது நான் பயப்படுவதில்லை.

என்னை ஏமாற்றியது அந்த மனிதரின் அறிவு என்று நெடுநாள் நினைத்தேன். இல்லை. பிள்ளையைப் பறிக்கக் காத்திருக்கும் ஒரு கடவுளை நான் உள்ளுக்குள் வைத்துப் பயந்துகொண்டிருந்தேன். அந்த மனிதர் அந்தப் பயத்தை வாசித்து எனக்கே சத்தமாகச் சொன்னார், நான் அதை ஆண்டவருடைய குரல் என்று எடுத்துக்கொண்டேன். அன்பான தாய்மாரே, உங்களைப் பற்றி ஒருவன் எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டான் என்பதற்காக உங்கள் பிள்ளையை அவன் கையில் கொடுக்காதீர்கள். அவன் சொல்வதை நின்று கேட்டுப் பாருங்கள், திருப்பிக் கேள்வி கேளுங்கள். கேள்வி கேட்கக்கூடாது, வீட்டாருக்குச் சொல்லக்கூடாது, உடனே புறப்பட வேண்டும் என்றால் வாசலைக் காட்டுங்கள். மெய்யான மேய்ப்பருக்கு நம் கேள்விகளால் ஒரு நஷ்டமும் இல்லை. உலைமூடியை எறிந்துகொண்டு கேட்டவளுக்கே அவர் பதில் தந்தார். உங்களுக்கும் தருவார். அவரையே நேராகக் கேளுங்கள்.

மேர்சி திரும்பி வந்த நேரத்தை மட்டும் இன்னும் சொல்லவில்லை.

அன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை. காலையிலிருந்து கேற்றடியில் நின்றேன். பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு சொல்லி முடிந்து கொஞ்ச நேரத்தில் வேன் ஒழுங்கைக்குள் திரும்பியது. காக்கா முதலில் இறங்கிக் கதவைத் திறந்தார். “ரீச்சர், இந்தா ஒங்கட புள்ள. எண்ணிப் பாத்து எடுங்க, ஒரு விரலும் குறையல்ல” என்றார். சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பி முகத்தைத் துடைத்தார். என் கணவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றார்.

மேர்சியின் கால்கள் வீங்கியிருந்தன. வெள்ளைச் சட்டை அவளுக்குப் பெரிதாகிவிட்டது. அவளைக் கட்டிப்பிடிக்க எனக்குத் துணிவு வரவில்லை. அவள்தான் கிட்ட வந்து, கைக்குள் பொத்தி வைத்திருந்த ஒரு தாளை என் கையில் வைத்தாள். வேர்வையில் நனைந்திருந்தது. விரித்தேன். அவருடைய கையெழுத்தில், ஒரு சொல்லும் மாறாமல், நான் எனக்காக எழுதிய வரிகள்.

“எங்கட பக்கத்த மட்டும் கிழிச்சு எடுத்துத்து வந்தன்,” என்றாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டு, வறண்ட வாயால் சொன்னாள்: “இனி எழுதாதீங்கம்மா. வாயால சொல்லுங்க. ஆண்டவருக்குக் கேக்கும்.”